குதிரையின் இடக்கண்

ஓசூர்,
12.9.2023

அன்புத் தங்கை மணிமேகலைக்கு,

நானும் உன் அண்ணி பரிமளாவும் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு நன்றாகவே இருக்கிறோம். உன் காது எப்படி இருக்கிறது? உன் பேத்தி காதுகுத்துக்கு வந்தபோது நான் பேசியதில் பாதிதான் உனக்குக் கேட்டது. போனில் அந்தப் பாதியும் கேட்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரிட்டயர் ஆனபிறகு நான் கோலிக்குண்டு சேர்க்கிறேன். சிரிக்காதே. பெரிய பெரிய ஆட்கள் இதைச் செய்கிறார்கள். நான் தேடுவது பழைய மெஷின் குண்டு. அதற்கு முன்னால் கண்ணாடிக் கம்பியை வெட்டிக் கையால்தான் உருட்டினார்கள். அந்தக் குண்டில் வெட்டிய இடம் தொப்புள் மாதிரி வடுவாக இருக்கும். மெஷின் குண்டில் தொப்புள் கிடையாது, மெல்லிய மடிப்புதான் தெரியும். அந்த மடிப்பையும் உள்ளே நிறம் ஓடுகிற விதத்தையும் பார்த்து, அமெரிக்காவா ஜப்பானா, எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

நம் பக்கத்தில் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய்வராத குடும்பம் ஏது? கேட்டால் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். கிடைப்பதை வாங்கி அனுப்பு. போட்டோ வேண்டாம். குண்டைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த தகர டப்பா உனக்குத் தெரிந்திருக்காது, நீ கைக்குழந்தை. அதில் ஒரு குண்டு எலுமிச்சம்பழ நிறம், நடுவே ரத்தம் மாதிரி ஒரு சுழி. அதைக் கேட்டு நான் தரையில் புரண்டு அழுதேன். அப்பா எனக்குக் கொடுக்காமல் அய்யனார் கோயில் சுதைக் குதிரைக்கு இடக்கண்ணாகப் பதித்துவிட்டார். காதுகுத்தன்று எல்லாரும் குழந்தை அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

காது மெஷினை மாட்டிக்கொள். பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே.

உன் அண்ணன்,
குணசேகரன்


செங்கோரைப்பட்டி,
ஆலங்குடி வழி,
30.9.2023

மதிப்புள்ள அண்ணனுக்கு மணிமேகலை எழுதுவது.

இங்கே மழை இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? பிரவீன்குமார் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா?

தபால்காரர் உங்கள் கடிதத்தை நீட்டியபோது எனக்குக் கை ஓடவில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போனபோது நாலு வரி எழுதினீர்கள். அதற்கப்புறம் இதுதான். அறுபது வயதுத் தங்கச்சிக்கு அண்ணன் கடிதம் போட ஒரு கோலிக்குண்டு வேண்டியிருக்கிறது பாருங்கள். பரவாயில்லை, குண்டுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

நீங்கள் சொன்னதுதான் தாமதம், வீடு வீடாக ஏறி இறங்கினேன். "இந்தப் பொம்பளைக்கு வயசு திரும்புதா?" என்று மேலத்தெரு அழகி வாய்விட்டே கேட்டாள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள். பரணிலிருந்து கொஞ்சம், ஆலங்குடி சோடாக் கடையில் உடைந்த பாட்டில்களிலிருந்து கொஞ்சம் கிடைத்தது. சோப்புப் போட்டுத் தேய்க்கலாமா என்று யோசித்தேன். பழைய சாமானை நீங்கள் தொடவே விடமாட்டீர்களே என்று அழுக்கோடு அனுப்பியிருக்கிறேன்.

எது என்ன குண்டு என்று விவரமாக எழுதுங்கள். ஒன்றுமில்லாத குண்டாக இருந்தாலும் அதையும் எழுதுங்கள். நான் உங்கள் கடிதத்தைப் பகலில் ஒருமுறை, சாப்பிட்டபிறகு ஒருமுறை படிக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. வைஷ்ணவியும் பேத்தியும் உங்களைக் கேட்டார்கள்.

தங்கை,
மணி


ஓசூர்,
18.10.2023

அன்புள்ள மணிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். முட்டிவலி இருக்கிற இடத்தில் இருக்கிறது.

பார்சல் பத்திரமாக வந்தது. பச்சையெல்லாம் சோடாக் குண்டு, மதிப்பில்லை. நடுவே பூனைக்கண் மாதிரி இதழ் வைத்தவை ஜப்பான், எங்கும் பெருகிக் கிடப்பவை. வெள்ளையில் நீலம் சுழித்த ஒன்று மட்டும் அமெரிக்கா, யுத்தத்துக்கு முந்தியது. அது யார் வீட்டுப் பரணோ, அவர்களுக்கு என் கும்பிடு. நீ சோப்புப் போடாதது நல்ல காரியம்.

இதோடு ஒரு சின்ன டார்ச் அனுப்பியிருக்கிறேன். அது ஊதா வெளிச்சம் அடிக்கும். கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு குண்டின்மேல் அடி. சில பழைய கண்ணாடி மட்டும் பச்சையாக எரியும். இன்னொன்றும் கவனி. அசல் ரத்தச் சிவப்பு என்றால் சிவப்புக்குள்ளே மெல்லிய கறுப்பு நூல் ஓடும். மாட்டு ரத்தம் என்றே அதற்குப் பெயர். நூல் இல்லாதது வெறும் சாயம்.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். குதிரையின் இடக்கண் எனக்கு வேண்டும். இருபது வருஷம் சேர்த்தவர்களிடம்கூட அந்த வகை இல்லை. வெயிலிலும் மழையிலும் அது அங்கே வீணாகிறது. பார்சலில் சிவப்புச் சுழி வைத்த புதுக் குண்டு ஒன்று இருக்கிறது, அளவு சரியாக இருக்கும். இதைப் பதித்துவிட்டு அதை எடு. சாமிக்குக் கண் இருந்தால் போதும், எந்த ஊர்க் கண் என்று சாமி கேட்கப்போவதில்லை. பூசாரி அடைக்கலம் விளக்குப் போட வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வருவான். மற்ற நாளில் மதியம் அங்கே ஈ காக்காய் இருக்காது.

இது திருட்டு இல்லை மணி. அப்பா வாங்கிய குண்டு. நியாயமாகப் பார்த்தால் என்னுடையது.

அண்ணன்,
குணா


செங்கோரைப்பட்டி,
28.11.2023

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

உங்கள் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். பிறகு அங்கே இருப்பது தப்பு என்று எடுத்து அரிசி டின்னில் போட்டேன். முடியாது என்று எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். தீபாவளிக்கு உங்களிடமிருந்து ஒரு வரி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்குப் புரிந்தது. முடியாது என்று எழுதினால் இனி எந்தக் கடிதமும் வராது.

எடுத்துவிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனேன். பீடத்தில் ஏறி நின்றால் எட்டுகிறது. அந்தக் குதிரைமேல் கைவைக்க அடைக்கலம் குடும்பத்துக்கு மட்டும்தான் உரிமை என்பது உங்களுக்கும் தெரியும். நான் ஏறினேன். உளியை வைத்துத் தட்டும்போது எனக்குச் சத்தம் கேட்கவில்லை, ஊருக்குக் கேட்குமோ என்று அது வேறு பயம். அவசரத்தில் உளி குண்டின்மேல் பட்டுவிட்டது. பிறை மாதிரி ஒரு சில்லு போயிருக்கிறது. மன்னியுங்கள். உங்கள் குண்டை எம்சீல் பசை வைத்து ஒட்டினேன். வீட்டுக்கு வந்து எவ்வளவு தேய்த்தும் விரலிலிருந்து எம்சீல் போகவில்லை.

முந்திரிப்பருப்புப் பொட்டலத்துக்கு உள்ளே பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அண்ணியிடம் பருப்பை மட்டும் கொடுங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

மணி


ஓசூர்,
4.12.2023

மணி,

வந்துவிட்டது. சில்லு ஏன் போக விட்டாய்? தேங்காய்நாரை வைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்தால் சுண்ணாம்பு தானாக விட்டிருக்கும். பிறை சரியாக மடிப்புக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. இனி சேகரிப்பவர் எவரும் இதைக் கையில் தொடமாட்டார்கள்.

எனக்கு அது பொருட்டில்லை. கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் அடித்தேன். எலுமிச்சை முழுக்கப் பச்சையாக எரிந்தது. சிவப்புக்குள் கறுப்பு நூல் அப்படியே ஓடுகிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அழுத பையன் மாதிரி அதைக் கையில் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

வேறு யார் வீட்டிலாவது கிடைத்தால் அனுப்பு.

குணா


செங்கோரைப்பட்டி,
10.4.2024

அண்ணனுக்கு,

பொங்கல் வந்து போனது, மாசி போனது, உங்களிடமிருந்து கடிதம் இல்லை. குறை சொல்ல எழுதவில்லை. எல்லாரும் சுகமாக இருங்கள். ஆனால் இதைப் படித்ததும் குண்டைத் திருப்பி அனுப்புங்கள்.

வைகாசித் திருவிழாவுக்குக் குதிரையைக் கழுவி வெள்ளையடிக்க அடைக்கலம் ஏணி வைத்து ஏறியிருக்கிறான். இடக்கண்ணைத் துடைக்கும்போது உங்கள் புதுக் குண்டு கழன்று கையோடு வந்துவிட்டது. அவன் பேசாமல் மறுபடி ஒட்டியிருக்கலாம். ஒரு ஆளுக்கும் தெரிந்திருக்காது. நேரே அம்பலகாரர் பெரியண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய், "இது நம்ம குதிரைக் கண்ணு இல்லீங்க. வருசா வருசம் எண்ணெய் போட்டுத் தொடைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா" என்று கொடுத்திருக்கிறான்.

ஊர் கூடியது. குதிரைமேல் ஏறுகிற ஒரே ஆள் நீ, மாற்றியதும் நீயாகத்தான் இருக்கும் என்று அவனையே திருப்பிக் கேட்டார்கள். பழைய குண்டுக்குப் பட்டணத்தில் ஆள் இருக்கிறதாமே, அங்கிட்டு வித்துட்டியா என்று ஒருவர் கேட்டார். பட்டணத்தில் ஆள் இருக்கிற விஷயம் ஊருக்கு எப்படித் தெரிந்தது? நான்தான் வீடு வீடாகப் போய் என் அண்ணன் சேர்க்கிறார் என்று பெருமையாகச் சொன்னேனே. ஆனாலும் ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பினாங்குக்காரர் மகள் சாமி கண்ணை எடுப்பாளா என்று யாருக்கும் தோன்றவில்லை. விளக்குப் போடவேண்டாம் என்று அடைக்கலத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கண் கிடைக்கிற வரை திருவிழாவும் இல்லை.

குண்டு வந்தால் கோயில் மதிலடியில் போட்டுவிட்டு, கண்டெடுத்த மாதிரி கொடுத்துவிடுவேன். அதுவும் பொய்தான். ஆனால் அவன் பிழைத்துப் போவான். ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

தங்கை,
மணிமேகலை


ஓசூர்,
6.5.2024

அன்புத் தங்கைக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. அதனால்தான் பதில் பிந்திவிட்டது. உன் அண்ணிக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. வெயில் இங்கேயும் கடுமைதான்.

நீ வீணாகக் கலங்குகிறாய். குண்டு இப்போது என்னிடம் இல்லை. கண்காட்சிக்காகப் பெங்களூர் நண்பரிடம் கொடுத்திருக்கிறேன், அவர் வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் பார்க்கலாம். அடைக்கலத்தை யார் என்ன செய்துவிடப்போகிறார்கள்? ஊர் கொஞ்ச நாள் பேசும், பிறகு அதுவே மறந்துபோகும். அவனை விட்டால் அங்கே விளக்குப் போடவும் ஆள் இல்லை.

நீ ஒன்று செய்து பார். அப்பா காலத்திலேயே அந்தக் கண் உடைந்து, அப்பாவே மாற்றிவிட்டதாக உனக்கு ஞாபகம் என்று பெரியண்ணனிடம் சொல். உன் வார்த்தைக்கு மரியாதை உண்டு.

என் பெயர் எங்கும் வரவேண்டாம். உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்ணன்,
குணசேகரன்


செங்கோரைப்பட்டி,
20.5.2024

அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். இங்கே நலமாக இல்லை.

செத்துப்போன அப்பாமேல் பழியைப் போடச் சொல்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? நான் அப்படிச் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அதில் நான் உங்களைவிட ஒரு படிகூட உயர்ந்தவள் இல்லை.

உங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்த நாட்களில் நடந்ததைக் கேளுங்கள். அடைக்கலம் தானாகவே கேட்டு, கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். ஈர வேட்டியோடு வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அழுத்தி, நான் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் என் குடும்பத்தை நீ கேள் என்று அய்யனாரைப் பார்த்துச் சொன்னான். நான் பொம்பளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவன் பெண்டாட்டி பிச்சையம்மாள் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பாசி பிடித்த படி அது, யார் கால் வைத்தாலும் வழுக்கும். ஆனால் ஊருக்கு அது போதாதா? பொய்ச் சத்தியம், சாமி கேட்டுவிட்டது என்கிறார்கள். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து போகிறான்.

நேற்று என் வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. டீ கொடுத்தேன். கையில் கொப்புளம் உடைந்து கட்டுப் போட்டிருக்கிறான். டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"தாயி, ஒங்க அப்பாரு பதிச்ச கண்ணு. அதான் ஒங்கள்ட்ட கேக்க வந்தேன். நானே எடுத்துருப்பேனோ? கண்ணு மங்கிப்போச்சு எனக்கு. போன வருசம் கழுவையில பேந்து விழுந்து, கெடந்த ஏதாவது ஒன்னை எடுத்து ஒட்டிப்புட்டு மறந்துட்டனோ? இல்லாட்டி சாமி ஏன் அவளைக் கேக்குது? நான் எடுக்கலைதானே தாயி?"

அண்ணா, எனக்குக் காது கேட்காத மாதிரி நின்றேன். மெஷின் காதில்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கையை ஆட்டி, ஒன்றும் விளங்கவில்லை என்று காட்டினேன். அவன் இன்னொரு முறை சொல்லப் பார்த்தான். பிறகு, "சரி விடுங்க தாயி" என்று போய்விட்டான். இதைவிடக் கேவலமான காரியத்தை என் ஆயுளில் நான் செய்ததில்லை.

குண்டை அனுப்புங்கள். பெங்களூரில் இருந்தாலும் சரி, அமெரிக்காவில் இருந்தாலும் சரி.

மணி


ஓசூர்,
3.6.2024

என் அருமைத் தங்கச்சி மணிக்கு,

நீ, வைஷ்ணவி, குழந்தை எல்லாரும் சௌக்கியமா? உன் காதுக்கு நல்ல டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன். இங்கே வந்து ஒரு மாதம் தங்கிப் பார்த்துக்கொண்டு போ. உன் அண்ணியும் அதையேதான் சொல்கிறாள். பிச்சையம்மாளுக்கு எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல். இல்லை, சொல்லவேண்டாம்.

கண்ணை இதோடு அனுப்பிவிட்டேன். நண்பரிடம் சண்டை போட்டு வாங்கினேன். நீ சொன்னபடியே மதிலடியில் கண்டெடுத்த மாதிரி கொடுத்துவிடு. இத்தோடு இந்த விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

பாசமுள்ள அண்ணன்,
குணா


செங்கோரைப்பட்டி,
17.6.2024

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அதில் மாற்றம் இல்லை.

பார்சலைப் பிரித்ததும் அழுதுவிட்டேன், என் அண்ணன் அனுப்பிவிட்டார் என்று. எலுமிச்சை நிறம், சிவப்புச் சுழி, எல்லாம் சரியாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். மதில் பக்கத்தில் போய் எடுத்துப் பார்த்தேன். விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. எங்கே தடவினாலும் வழுவழுவென்று இருந்தது.

என் உளி பட்ட பிறை எங்கே அண்ணா?

வீட்டுக்குத் திரும்பிவந்து அறைக் கதவைச் சாத்தி நீங்கள் கொடுத்த டார்ச்சை அடித்தேன். எரியவில்லை. சிவப்பில் கறுப்பு நூலும் இல்லை. வேறு யாரையும் ஏமாற்றியிருப்பீர்கள். பெரியண்ணன் ஏமாந்திருப்பார். அடைக்கலம்கூட மங்கின கண்ணுக்கு ஏமாந்திருப்பான். என்னை ஏமாற்ற வேண்டுமென்றால் நீங்கள் எனக்கு அந்தக் கடிதங்களை எழுதியிருக்கக் கூடாது. அந்தக் கடிதங்களை எத்தனை முறை படித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் அதை அப்படியே கொண்டுபோய்ப் பதித்துவிடலாமா என்றும் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, யோசித்தேன். அடைக்கலம் பிழைப்பான், நீங்களும் பிழைப்பீர்கள். ஆனால் எண்ணெய் போட்டுத் துடைக்கிறவன் அவன். ஒருநாள் அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்போது தன் விரல்மேல்தான் சந்தேகப்படுவான், நம்மேல் படமாட்டான்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் இருந்தது. போனேன். நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். நான் சொல்வது எனக்கே சரியாகக் கேட்காது என்பதால் ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள்கூட விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியண்ணன் நம்பவில்லை. உளியைக் காட்டினேன், ஏறி நின்ற விதத்தைக் காட்டினேன். குண்டு எங்கே என்று கேட்டார்கள். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தேன். உங்களுக்காக நான் செய்கிற கடைசிக் காரியம் அதுதான். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் உங்கள் பெயர் என் வாயால் வரவில்லை.

இந்த வருஷம் என் வீட்டு மாவிளக்கு கோயிலுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அழகி என்னைப் பார்த்ததும் தெரு மாறிப் போகிறாள். நான் செய்ததற்கு அதெல்லாம் குறைச்சல்தான். நியாயம் இன்னும் பாக்கி இருக்கிறது.

அடைக்கலம் கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைத் திட்டுவான், அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன். அவன் ஆட்களை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தான். கட்டுப் போட்ட கையோடு என் முன்னால் நின்று, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"அப்ப நான் எடுக்கலையா தாயி?"

இல்லை அடைக்கலம், நீங்கள் எடுக்கவில்லை என்றேன். அவன் இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறை சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான் அண்ணா. கோபத்தில் இல்லை. நிம்மதியில் அழுதான். அதை நான் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

நீங்கள் அனுப்பிய குண்டையும் டார்ச்சையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குதிரைக்கு இப்போது ஒரு கண் பள்ளமாக இருக்கிறது. அடைக்கலம் மறுபடி விளக்குப் போடுகிறான். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்குத் திருவிழா வைத்திருக்கிறார்கள். கண் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும்.

எனக்கு இனிக் குண்டைப் பற்றி எழுதவேண்டாம். வேறு ஏதாவது எழுத இருந்தால் எழுதுங்கள்.

மணிமேகலை


ஓசூர்,
27.6.2024

செங்கோரைப்பட்டி அய்யனார் கோயில் பூசாரி அடைக்கலம் அவர்களுக்கு, பினாங்குக்காரர் மகன் குணசேகரன் எழுதுவது.

உங்கள் கை ஆறிவிட்டதா, உங்கள் வீட்டார் எழுந்து நடக்கிறார்களா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கோயிலில் ஊர் கூடியிருக்கும்போது யாரையாவது விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். என் தங்கச்சி காதில் விழுகிற அளவுக்குப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணை எடுத்தது அவள் கை. எடுக்கச் சொன்னது நான். அவள் முடியாது என்று சொல்லிவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட ஒரு வரி எழுதாமல் அவளைக் காயப் போட்டதும் நான். நீங்கள் சூடம் அணைத்தபோது அந்தக் கண் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அது பெங்களூருக்குப் போகவே இல்லை. உங்கள் வீட்டார் விழுந்த செய்தியைப் படித்த அன்றும் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு வேறொன்றை வாங்கி, அதைத்தான் அசல் என்று அனுப்பினேன். கடையில் இரண்டு இருந்தன. ஒன்றில் லேசாகக் கீறல் இருந்தது. நான் கீறல் இல்லாததைப் பொறுக்கினேன். குண்டு பொறுக்கிப் பொறுக்கிக் கை அப்படிப் பழகிவிட்டது. அதனால்தான் தங்கச்சியிடம் பிடிபட்டேன். அது தெரியாமல் போயிருந்தால் இந்த நேரம் சந்தோஷமாக இருந்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

உங்களை நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் அவன், இவன் என்றுதான் எழுதினேன். நீங்கள் என்னைவிட மூத்தவர்.

இந்தக் கடிதத்தோடு கண் இல்லை. மூன்று தடவை பெட்டியில் வைத்து ஒட்டினேன், மூன்று தடவையும் பிரித்துவிட்டேன். தபாலில் அனுப்பினால் மறுபடியும் வேறு ஒன்றை வைத்துவிடுவேனோ என்று எனக்கே உறுதியில்லை. அதனால் நேரில் கொண்டுவருகிறேன். திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஆலங்குடி வந்து இறங்குவேன்.

ஒரு உதவி கேட்கிறேன். நான் கோயிலுக்கு வருகிற வரை காத்திருக்க வேண்டாம். மணியை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுங்கள். நான் படியிலிருந்து இறங்கும்போதே என் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிறை இருக்கிறதா என்று அவள் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும்.

குணசேகரன்